பஸ்ஸில் சொன்ன வார்த்தைகள்

சென்ற வாரம் வந்த சந்தேஷ் இனிப்புப் பெட்டி இன்னும் என் சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் இருக்கிறது. நான் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை. மூடியின் இடுக்கு வழியாக எறும்புகள் போய் வருகின்றன. பனிக்காலத்துப் புது ஈச்ச வெல்லம் போட்டுச் செய்தது. முதல் நாள் அறையெல்லாம் மணந்தது. இப்போது புளித்த பால் வாடை. உன் பெண்ணைப் பற்றி என்னிடம் விசாரிக்க வந்தவர் கொண்டுவந்த பெட்டி அது. இதே வெல்ல மணத்தோடு ஒரு ஜனவரி மாலையில் நீயும் ஒரு பெட்டி கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாய். அதை நான் சாப்பிட்டேன்.

நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உயிரோடு இருந்த கடைசி வருஷங்களில் உன்னோடு நான் பேசவில்லை. ஆகவே இதை அஞ்சலி என்று எடுத்துக்கொள்ளாதே. பேசாமல் விட்டதைப் பேசுகிறேன்.

வந்தவர் உன் பெண்ணுக்குப் பார்த்த பையனின் அப்பா. பாங்கில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், டாலிகஞ்சில் சொந்த ஃப்ளாட். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "தப்பா நினைக்காதீங்க சார். பொண்ணோட கேரக்டர் எப்படி? விவரமெல்லாம் வேண்டாம். ஒரே வார்த்தைல சொல்லுங்க, போதும்."

ஒரே வார்த்தை. நம் இருவரின் விளையாட்டும் அதுதானே.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கரியாஹாட்டில் ஏறி கிடர்பூர் துறைமுகத்துப் பக்கம் இருந்த நம் ஆபீசுக்குப் போகும் அந்த பஸ்ஸை நீயும் மறந்திருக்க மாட்டாய். கப்பல் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துக் கொடுக்கும் கம்பெனி. நம் வேலை, நாளெல்லாம் ஆங்கிலத்தில் பணிவாகக் கடிதம் எழுதுவது. இருவரும் திருநெல்வேலிப் பக்கம், இருவரும் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு இந்த வங்காளத்து ஊருக்குப் பிழைக்க வந்தவர்கள். படித்ததற்கு அந்த பஸ்ஸைத் தவிர வேறு உபயோகம் இல்லை. பயணிகளில் ஒருவரைத் தேர்ந்தெடுப்போம். கிடர்பூர் பாலம் வருவதற்குள் அந்த ஆளின் குணத்துக்கு ஆங்கிலத்தில் ஒரே ஒரு வார்த்தை கண்டுபிடிக்க வேண்டும். நல்லவன், கெட்டவன் என்கிற மாதிரி வார்த்தைகளுக்கு அனுமதி இல்லை.

கம்பைப் பிடித்தபடி ஒரு கிழவி நின்றாள். ஜன்னலோரத்தில் ஒருவன் தூங்குவதுபோல நடித்தான். நான் "செல்ஃபிஷ்" என்றேன். நீ உதட்டைப் பிதுக்கினாய்.

"அது நமக்கும் பொருந்தும்டே. இவனைப் பாரு, இமைக்குள்ள கண்ணு உருளுது. எவனாவது எழுப்பிருவானோன்னு பயம். 'ஷிஃப்டி'."

அதுதான் சரியான வார்த்தை. நேராக நிற்காத, எப்போதும் நழுவப் பார்க்கிற குணம். "ஆஸ்தே, லேடீஸ்!" என்று கத்தி பஸ்ஸை மெதுவாக்கி, இறங்கும் பெண்களுக்காகப் படியில் தொங்கிக்கொண்டே கூட்டத்தைத் திட்டும் கண்டக்டருக்கு "கிரஃப்" என்றாய். குரலில் மட்டும் முரடு. பேசினால் எண்ணெய் வழியும் நம் மேனேஜருக்கு "அன்க்சுவஸ்". தமிழில் ஒரு முழு வாக்கியம் கேட்கும் குணத்துக்கு நீ ஒரே சொல்லை எடுத்து வைப்பாய். அது அந்த ஆள்மேல் தைத்த சட்டைபோல உட்காரும். உன் திறமையைக் கண்டு பொறாமைப்பட்டிருக்கிறேன். இதை இப்போதும் மறுக்கவில்லை.

ஒருநாள் ஒருவருக்கொருவர் வார்த்தை வைத்துக்கொள்ளலாம் என்றாய். யோசிக்கக்கூட இல்லை, எனக்கு உடனே சொன்னாய்.

"இம்ப்ளேக்கபிள்."

"எதுக்குடே அப்படிச் சொல்லுத?"

"போன தீபாவளிக்கு உங்க பெரியப்பா மகன் சொன்ன ஒரு பேச்சை இன்னைக்கு வரைக்கும் சொல்லிச் சொல்லிக் கொதிக்கியே. உன்னைச் சமாதானப்படுத்த இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்."

இருவரும் சிரித்தோம். உனக்கு நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே பஸ் பாலத்தைத் தாண்டிவிட்டது. தோற்றதற்கு அன்றைய டீ என் செலவு.

இதெல்லாம் பஸ்ஸில். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ வேறு ஆள். லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆங்கிலத்தில் குணம் எழுதிக் கொடுப்பவன் நீதான். வரன் விளம்பரமா, பிரிவு உபசாரமா, இறந்தவருக்கு இரங்கலா, உன்னைத்தான் தேடி வருவார்கள். பஸ்ஸில் நூறு வார்த்தை வைத்திருந்தவன் அங்கே நாலைந்தை வைத்துக்கொண்டே காலம் தள்ளினாய். ஆண் என்றால் டீசென்ட், ஸின்ஸியர். பெண் என்றால் ஹோம்லி, அட்ஜஸ்டிங். பெரிய இடம் என்றால் ஜென்டில். எல்லாருக்கும் ஒரே பாத்திரத்திலிருந்து அள்ளி ஊற்றிய பாயசம்.

"அந்த ஆளைப் போயி ஸின்ஸியர்னு எழுதியிருக்கியே, பஸ்ஸுல வேற என்னமோ சொன்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது பஸ்ஸு. இது சபைடே," என்று கண்ணடித்தாய். அன்றைக்கு அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

இன்று அந்த வார்த்தைகளை ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பார்த்தாலே அருவருக்கிறது. ஒரு பெண்ணை அட்ஜஸ்டிங் என்று சொன்னால் என்ன அர்த்தம்? மிதித்தாலும் சத்தம் வராது என்று, மிதிக்கப்போகிறவனுக்குக் கொடுக்கும் உத்தரவாதம். கேரக்டர் என்ற சொல் எவ்வளவு விரிவானது! துணிவு, நேர்மை, பிடிவாதம், கருணை எல்லாம் அதற்குள் அடங்கும். நம் ஆட்கள் வாயில் அது, பெண் யாரோடு பேசினாள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினாள் என்று மட்டும் சுருங்கிவிட்டது. பையனுக்கோ கேரக்டர் விசாரணையே கிடையாது. சிகரெட் இல்லை, குடி இல்லை என்றால் தீர்ந்தது.

அப்புறம் அந்த ஜனவரி. அப்பா இல்லாத வீடு. அம்மாவும் நானும் தங்கை கோமதியும். கோமதி பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் தெரு முனைவரை கேட்கும். நீ சந்தேஷ் பெட்டியோடு வந்து துர்காப்பூரில் ஒரு வரன் இருக்கிறது என்றாய். அந்த ஊர்க் கிளையில் நீ வேலை பார்த்தபோது பக்கத்து ஸீட்டில் இருந்தவன், ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவன். அம்மா உள்ளே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். நான் உன்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"கோவம் வந்தா அவன் என்ன பண்ணுவான்?"

சந்தேஷை வாயில் போட்டுக்கொண்டே சிரித்தாய். "கோவமா? அவனா? அவன் சத்தம் போட்டு ஒருத்தன் கேட்டதில்லைடே. ஜென்டில். அந்த வார்த்தையை அவனுக்காகத்தான் பண்ணியிருக்கான்."

"என்ன சொல்லுதான்?" என்று அம்மா உள்ளிருந்து கேட்டாள்.

"ரொம்ப சாதுவாம்மா," என்றேன்.

நீ சொன்னதில் ஒரு பகுதி உண்மை. அவன் ஒருநாளும் சத்தம் போடவில்லை. கல்யாணமான புதிதில் அவனுடைய மேலதிகாரி வீட்டு விருந்தில் யாரோ சொன்ன ஒரு ஜோக்குக்குக் கோமதி வாய்விட்டுச் சிரித்திருக்கிறாள். அன்று அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாரம் போனது. ஒருநாள் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவள் ஆசையாகச் சேர்த்திருந்த பாட்டுக் கேசட்டுகள் அத்தனையும் நாடா உருவப்பட்டுக் குளியலறை வாளியில் மிதந்தன. அவன் மென்மையாக, ஏறக்குறைய அன்பாகச் சொன்னானாம்: "அன்னைக்கு சிரிச்சேல்லா?" எல்லாமே அப்படித்தான். தப்பு நடந்த அன்று ஒரு புன்னகை. அவள் மறந்த பிறகு தண்டனை. கை நீட்டியதும் அதே நிதானத்தோடுதான்.

ஒரு பையோடு ஹவுரா ஸ்டேஷனில் வந்து இறங்கினாள். கூட்டத்தில் அவளுக்கு இடப்பக்கம் நடந்தபடி "சாப்பிட்டியா?" என்று கேட்டேன். திரும்பவில்லை. மறுபடி கேட்டேன். திரும்பவில்லை. அந்தக் காது போயிருந்தது.

மறுநாள் உன் வீட்டுக்கு வந்தேன். உன் மனைவி காப்பியை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டேன்.

கரைந்துபோன சர்க்கரையை நீ கலக்கிக்கொண்டே இருந்தாய். "மெஸ்ல பரிமாறுத பையன் ஒருத்தன் இருந்தான். இவன் சட்டையில பருப்பைச் சிந்திட்டான். இவன் 'பரவால்லை'ன்னு சிரிச்சான். துர்கா பூஜை வந்தது. எல்லாரும் ஊருக்குப் போகுத நேரம் பாத்து, வாட்சைத் திருடிட்டான்னு சொல்லி அந்தப் பையனை வெளிய தள்ளிட்டான். வாட்ச் இவன் பொட்டியிலதான் இருந்தது. நான் பாத்தேன்."

"பாத்துட்டா ஜென்டில்னு சொன்ன?"

"ஒரு பொண்ணு வந்தா மாறிருவான்னு நினைச்சேன். அதுவும் போக, ஒருத்தன் கல்யாணத்தைக் கெடுத்தவன்ங்கிற பேரு எனக்கு எதுக்குடே?"

"அவன் நம்ம பஸ்ஸுல ஏறியிருந்தா என்ன வார்த்தை சொல்லியிருப்ப?"

நீ தடுமாறுவாய் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சமாவது தேடுவாய் என்று நினைத்தேன்.

"வின்டிக்டிவ்," என்றாய் உடனே. பிறகு, ஏதோ எனக்குப் புரியாததை விளக்குகிற மாதிரி: "பஸ்ஸுல சொல்லுத வார்த்தை வேற, கல்யாணத்துக்குச் சொல்லுத வார்த்தை வேற. உனக்குத் தெரியாததா?"

வஞ்சம் வைத்துக் காத்திருந்து பழி வாங்குபவன். அச்சாகப் பொருந்தும் வார்த்தை. அதை நீ பைக்குள் வைத்துக்கொண்டேதான் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து இனிப்புத் தின்றாய். தெரியாமல் சொல்லியிருந்தால் உன்னை அடித்துவிட்டு மறந்திருப்பேன். நீ தெரிந்து சொன்னாய். பாலம் வரும்வரை தேடக்கூட வேண்டியிருக்கவில்லை உனக்கு.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை என்பதும் தெரியும். நம் ஜனங்களுக்குள் இப்படி ஒரு கட்டுப்பாடு. பெண்ணை அடிப்பவனுக்கு நாலு பேர் புத்தி சொல்லிவிட்டு, அவன் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் ஒருவன் உண்மையைச் சொல்லிவிட்டால், அவனைத்தான் வாசலில் ஏற்ற மாட்டார்கள். அந்தக் கட்டுப்பாட்டுக்கு நீ பூசாரி. அதனால்தான் உன்னை எல்லாருக்கும் பிடித்தது.

அதற்குப் பிறகு நான் வேறு பஸ்ஸில் போனேன். ஆபீசில் உன் மேஜையைத் தாண்டும்போது காகிதத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நீ இரண்டொரு முறை எழுந்து நின்றாய், நான் நிற்கவில்லை. கோமதி மறுபடி அதே பள்ளியில் சேர்ந்தாள். குழந்தைகள் இடப்பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அவளுக்குக் கேட்காது என்று, எல்லாரையும் வலப்பக்கமாகவே உட்காரவைப்பாள். அம்மா அதைப் பார்த்துப் பார்த்தே போய்ச் சேர்ந்தாள்.

நீ இறந்தபோது இரங்கல் கூட்டத்துக்கு வந்தேன். ஏன் வந்தேன் என்று கேட்காதே. வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, நீ எழுதிக் கொடுத்த வார்த்தைகளையே உனக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். டீசென்ட். ஸின்ஸியர். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு "ஹி வாஸ் எ ஜென்டில் ஸோல்" என்றார். எழுந்து வாசலுக்குப் போனேன். அப்போது பின்னால், பேசியவரை நிறுத்தி ஒரு பெண் குரல்.

"அங்கிள், ஸாரி. அப்பா வீட்டுல தினம் கத்துவாரு. பேப்பரைக் கலைச்சா கத்துவாரு, மீன் வாசனை வந்தா பக்கத்து வீட்டைப் பாத்துக் கத்துவாரு. ஜென்டில் எல்லாம் கிடையாது. எனக்கு அந்த அப்பாதான் வேணும். நீங்க சொல்றவரை எனக்குத் தெரியாது."

உன் மிதூ. அந்த ஒரு நிமிஷம்தான் அங்கே சுத்தமான காற்று வந்தது.

போன மாதம் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். வங்காளிப் பிள்ளைகள் போல என்னைச் சித்தப்பா என்ற அர்த்தத்தில் "காக்கு" என்று கூப்பிடுவாள், சின்ன வயதிலிருந்து.

"காக்கு, ஒரு வரன் வந்திருக்கு. உங்ககிட்ட விசாரிக்க வருவாங்க. அப்பாவோட க்ளோஸ் ஃப்ரெண்டுன்னு அம்மா உங்க பேரைக் கொடுத்துட்டா."

"உங்கம்மாவுக்கு என்ன கிறுக்கா? நானும் உங்கப்பனும் பேசி எத்தனை வருஷம்—"

"தெரியும். கோமதி பிஷி விஷயம், மெஸ் விஷயம், எல்லாம் அம்மா சொல்லிட்டா. அதனாலதான் உங்க பேரைக் கொடுத்தா."

அத்தை என்பதற்கு அவள் வாயில் பிஷிதான் வரும். அன்று காப்பியை வைத்துவிட்டுக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்ட உன் மனைவியை நான் ஒரு மனுஷியாகவே எண்ணியதில்லை. அன்றைக்குத்தான் எண்ணினேன்.

"அட்ஜஸ்டிங்னு மட்டும் சொல்லிடாதீங்க காக்கு, ப்ளீஸ். அப்புறம் இன்னொண்ணு. என்னை ஊரே விசாரிக்குது. அந்தப் பையனை யாரு விசாரிக்கறது? எனக்கு அப்பாவும் இல்லை, தாதான்னு கூப்பிட ஒரு அண்ணனும் இல்லை. நீங்க போவீங்களா?"

என் வாயில் வந்தது, முடியாது என்ற வார்த்தைதான். உன் வீட்டு நல்லது கெட்டதுக்கு நான் ஏன் அலைய வேண்டும்? சமையலறையிலிருந்து கோமதி வலது காதைத் திருப்பி எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். "போயிட்டு வாண்ணே," என்றாள்.

டாலிகஞ்சுக்காரர் ஒரே வார்த்தை கேட்டபோது, அதனால்தான் நான் வார்த்தை கொடுக்கவில்லை. அவள் அப்பாவின் இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேசியதை மட்டும் அப்படியே சொன்னேன். அவர் காப்பியைக் கீழே வைத்தார்.

"அப்போ கொஞ்சம் போல்டு டைப்போ?"

"நான் பாத்ததைச் சொன்னேன். பேரு நீங்க வெச்சுக்குங்க."

"அட்ஜஸ்ட் பண்ணிப்பாளா?"

"மாட்டா."

அவர் போன வேகத்தில் அந்தப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன்.

அடுத்த நாள் டாலிகஞ்சுக்குப் போனேன். அவர்கள் தெருவில் மருந்துக் கடைக்காரர் "கூப் பாலோ செலே" என்றார். ரொம்ப நல்ல பையன். இஸ்திரிக்காரரும் அதையே சொன்னார். அதே கட்டடத்தின் கீழ்த் தளத்தில் ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் வாய் நிறையச் சிரித்தார். "ரொம்ப சாஃப்ட் சார். அதிர்ந்து ஒரு பேச்சுக் கிடையாது."

இந்த வாக்கியத்தை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். "கோவம் வந்தா என்ன பண்ணுவான்?" என்றேன்.

அவர் சிரிப்பை மாற்றாமல் என்னைப் பார்த்தார். அவர் மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மாடி வீட்டுப் பொண்ணு ஸ்கூட்டியை எடுக்கறப்போ அவன் பைக்ல கோடு விழுந்துடுச்சு. அவன் 'இட்ஸ் ஓகே'ன்னு சிரிச்சான். கொஞ்ச நாள் கழிச்சு அந்த ஸ்கூட்டி ஸீட்டை யாரோ பிளேடால கிழிச்சுக் கிழிச்சு வெச்சிருந்தாங்க."

"நீ சும்மா இரு. யாரு பண்ணான்னு பாத்தியா? ஒருத்தர் கல்யாணத்தைக் கெடுக்காதே," என்றார் கணவர்.

"பாக்கலை. கேக்கறாரு, சொன்னேன்," என்றாள் அவள்.

மிதூவிடம் இரண்டு பேர் சொன்னதையும் சொன்னேன். யார் செய்தது என்று நிச்சயமில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் என் எதிரிலேயே அந்தப் பையனோடு மொபைலில் பேசினாள். பாதி வங்காளம், பாதி ஆங்கிலம். சுற்றி வளைக்காமல் கேட்டாள். அந்தப் பக்கம் அவன் சிரிக்கும் சத்தம் எனக்கே கேட்டது. அவள் முகம் மட்டும் மாறிக்கொண்டு வந்தது. போனை மடியில் வைத்தாள்.

"அவன்தான் காக்கு. மறைக்கக்கூட இல்லை. 'அவளுக்குப் புரிய வேண்டாமா'ன்னு கேக்கறான். ஜோக் மாதிரி சொல்றான்."

கோமதி வந்து, மிதூ தன் வலப்பக்கம் வரும்படி பக்கத்தில் உட்கார்ந்தாள். மிதூ என்னைப் பார்த்து, "அப்பாவுக்கு நீங்க என்ன வார்த்தை வெச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"பஸ் பாலத்தைத் தாண்டிருச்சும்மா," என்றேன்.

மிதூ வேண்டாமென்று சொல்லி அனுப்பியதும், நேற்று டாலிகஞ்சுக்காரர் போன் செய்தார். "கல்யாணத்தைக் கெடுத்துட்டீங்களே சார். உங்களை டீசென்ட்னு நினைச்சேன்." வைத்துவிட்டார். இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் லேக் மார்க்கெட் முழுக்கத் தெரிந்துவிடும். நீ வாழ்நாளெல்லாம் எந்தப் பேருக்குப் பயந்தாயோ, அந்தப் பேர் எனக்கு வந்துவிட்டது. உன் பெண்ணால் வந்தது. அதில் எனக்கு ஒரு கசப்பான திருப்தி இருக்கிறது.

இதை முடித்ததும் அந்தப் பெட்டியை எறும்புகளோடு சேர்த்துத் தெருமுனைக் குப்பையில் போட்டுவிடுவேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று யாராவது உன் வீட்டில் சொன்னால் நம்பாதே. அவளுக்காகப் போனேன், உனக்காக இல்லை. கோமதி இடப்பக்கம் திரும்பாத ஒவ்வொரு முறையும் உன்மேல் அதே வெறுப்பு, முதல் நாள் இருந்த அதே சூட்டோடு வருகிறது. வயது அதை ஆற்றவில்லை. உன் சாவும் ஆற்றவில்லை.

இம்ப்ளேக்கபிள் என்றாய். அந்த வார்த்தையை அப்படியே வைத்திருக்கிறேன். பஸ்ஸில் நீ ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை.